முகமும் மூஞ்சியும்

துணிக்கடை வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு நிற்குமே, அந்த ஆளுயரப் பொம்மைகளைச் செய்கிற பட்டறையில் முகம் எழுதுவது என் வேலை. புருவம், இமை, உதடு, கன்னத்தில் மெல்லிதாக ஒரு நிழல், அவ்வளவுதான். கை, கால், உடம்பு எல்லாம் மற்றவர்கள் செய்துவிடுவார்கள். கடைசியில் நான் தூரிகையைத் தொட்ட பிறகுதான் அது யாரோ ஒருவர் மாதிரி ஆகும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

பொம்மைகளில் இரண்டு ரகம். நடைபாதைக் கடைகளுக்கும் சந்துக் கடைகளுக்கும் போகிற பொம்மை சிரிக்கும். உங்களை நேராகப் பார்க்கும். "வாங்க, சும்மா பார்த்துட்டுப் போங்க, வாங்கலேன்னாலும் பரவாயில்ல" என்கிற பார்வை. கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கடைக்குப் போகிற பொம்மை சிரிக்காது. உங்களைப் பார்க்கவும் பார்க்காது. உங்கள் தலைக்கு மேலே, தூரத்தில் தனக்காக ஒரு கப்பல் வருவதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும். தாடை இரண்டு விரற்கடை தூக்கியிருக்கும். இது முதலாளி போட்ட சட்டம்.

"பணக்காரன் எதுக்கும்மா சிரிக்கணும்? அவனுக்கு யாரு தயவு வேணும்?" என்பார் முதலாளி. இதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார், பாவம். கடன் வாங்கி நடத்துகிற பட்டறை.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு ரகமும் ஒரே அச்சில் வார்த்தவைதான். உதட்டை மேலே வளைத்து, கண்மணியை நடுவில் வைத்தால் சந்துக் கடை. உதட்டை நேர்கோடாக இழுத்து, கண்மணியை இமைக்குள் கொஞ்சம் ஏற்றிவிட்டால் பெரிய கடை. விலை மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இப்படி ஊருக்கெல்லாம் அழகை அள்ளி வழங்குகிற எனக்கு, என் வீட்டு அழகு விஷயத்தில்தான் சோதனை வந்தது. என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கண்ணாடிச் சுவர்ப் பெரிய கடையிலும் அவன்தான் லிஃப்ட் பார்க்கிறான். அங்கே உடுப்புகளைப் பிரித்து அளவு சரி செய்துகொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வாயில் எந்நேரமும் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள் என்பதால் அவளுக்குக் குண்டூசி என்றே பேர். லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போனவன் அவளிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்தான். அவளுக்கும் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை.

"அம்மா தலையாட்டணும்க்கா," என்றாள் என்னிடம். "ஒத்தை ஆளா நின்னு என்னை வளர்த்தவங்க. அவங்க மனசு கோணி எனக்கு எதுவும் வேணாம்."

அவளுடைய அம்மா அதே கடையில் ஆண்கள் பிரிவுக்குத் தலைமை விற்பனையாளர். வருகிறவரை ஒரு பார்வை பார்த்தாலே கழுத்து அளவு, தோள் அளவு, பர்ஸ் அளவு மூன்றையும் சொல்லிவிடுவார். வருஷக்கணக்காகப் பெரிய மனிதர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டுப் பழகிய கண் அது. அந்தக் கண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் போட்ட டீயைப் பாராட்டினார், தம்பியின் சம்பளம், குணம் எல்லாம் விசாரித்துத் திருப்திப்பட்டார். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பையன் தங்கம். ஆனா பார்க்க ஒரு மாதிரி சுமாரா இருக்காரே. ஒரு எடுப்பு இல்ல. என் பொண்ணு கண்ணுக்கு லட்சணமா இருப்பா, பக்கத்துல நிக்க வெச்சா பொருந்தாதேம்மா."

சிரித்தபடியே வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது. கூடப் பிறந்தவனை நான் ஆயிரம் சொல்வேன். வேறு யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்கு உச்சந்தலையில் ஏறிவிடும். இதற்கிடையில் கடைக் கேஷியரின் அக்கா பையன் ஒருவன், பேங்கில் வேலை, மாதக் கடைசியில் குண்டூசியைப் பார்க்க வருகிறானாம். அவனுக்கு அவள் அம்மா தலையாட்டிவிட்டால் கதை முடிந்தது. தம்பி இரண்டு வேளையாகச் சரியாகச் சாப்பிடாமல் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கடையிலிருந்து பட்டறைக்கு ஆர்டர் வந்தது. முகப்பைப் புதுசாகக் கட்டுகிறார்கள், ஆண் பொம்மைகள் வேண்டும், பழைய அச்சு கூடாது, எங்கேயும் பார்க்காத புது முகமாக இருக்கவேண்டும். முதலாளி விளம்பரங்களில் நடிக்கிற ஒரு பையனை அச்செடுக்கப் பேசி அழைத்துவந்தார். முகத்தின் மேல் பிளாஸ்டரை ஊற்றுவோம், அது இறுகும்வரை மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழல்களைச் செருகிக்கொண்டு மூச்சுவிட்டபடி படுத்திருக்க வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று போனான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது.

பிளாஸ்டர் கரைத்தாகிவிட்டது. விட்டால் வாளியிலேயே கல்லாகிவிடும். அச்செடுக்கிற அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கள் சரக்கு லிஃப்டைச் சரிபார்க்க வந்திருந்த தம்பி, கதவோரம் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன் தம்பியப் படுக்க வெச்சிடலாமா?" என்றார் அண்ணன்.

"இவன் மூஞ்சியா?" என்றேன். "அண்ணே, பெரிய கடைக்குண்ணே! இவன் மூஞ்சியைப் பார்த்தா யாரும் கோட்டு வாங்க மாட்டாங்க, டீதான் சொல்லுவாங்க."

"அக்கா, நான் இங்கதான் நிக்கறேன்," என்றான் தம்பி.

பெரிய இடத்துக்காரர்களுக்கு இருப்பது முகம். நம்மைப் போன்றவர்களுக்கு இருப்பது மூஞ்சி. அதிலும் கூடப் பிறந்தவனுக்கு இருப்பது திட்டுவதற்கென்றே அமைந்த மூஞ்சி. நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பியை மேஜையில் படுக்கவைத்து, புருவத்தில் வாசலைன் தடவி, குழல்களைச் செருகி, அண்ணன் ஊற்றிவிட்டார். குழல் கூச்சம் காட்டியதில் உள்ளே அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தான். அதனால் அச்சில் உதட்டோரம் லேசாகச் சுளித்துக்கொண்டு விழுந்தது. பரவாயில்லை, சாயத்தில் நேராக்கிக்கொள்ளலாம் என்றேன்.

ஃபைபரில் வார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுத்தை நிமிர்த்தி, முதல் பொம்மை என் மேஜைக்கு வந்தது. பெரிய கடைச் சட்டப்படி எழுதினேன். உதடு நேர்கோடு. கண்மணி மேலே. கன்னத்தில் நிழல். தலையில் அலையலையான முடியை வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போய்ப் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. என்ன அழகு! சின்ன வயதில் நான் துடைத்துவிட்ட அதே மூக்குதான். அவன் அடம்பிடித்தபோது நான் கிள்ளிய அதே கன்னம்தான். அது எப்படி அங்கே நிற்கும்போது மட்டும் ராஜ வம்சமாக இருக்கிறது? எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை வருஷம் என் வீட்டிலேயே நடமாடிய அழகை நான் பார்க்கவே இல்லையே என்ற எரிச்சல்.

பொம்மைகள் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்றுக்குக் கருநீலக் கோட்டு மாட்டி முகப்பின் நடுவில், தனி விளக்கின் கீழ் நிறுத்தினார்கள். இரண்டே நாளில் குண்டூசி பட்டறைக்கே ஓடிவந்தாள். சிரித்துச் சிரித்து அவளால் பேச முடியவில்லை. நல்லவேளை, அன்றைக்கு வாயில் ஊசி இல்லை.

"அக்கா, எங்கம்மா அந்தப் பொம்மை மேல உயிரையே வெச்சிருக்காங்க! யாரையும் தொட விடறதில்ல, அவங்களே தூசு தட்டறாங்க. மாடியில எல்லாரும் ஏதோ பெரிய கம்பெனி டைரக்டர் மாதிரி இருக்குன்னு அதுக்கு டைரக்டர்னு பேரே வெச்சுட்டாங்க. அம்மா நேத்து என்கிட்ட சொல்றாங்க, 'முகம்னா இதுடி! இந்த மாதிரி ஒருத்தனைக் கூட்டிட்டு வா, மறுபேச்சில்லாம சரின்னு சொல்றேன்'னு!"

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு அது யாரு மூஞ்சின்னு. கோட்டுக்கு ஊசி குத்தும்போது எனக்கே வெக்கமா இருந்துச்சு."

அன்று சாயங்காலமே எனக்கு ஒரு யோசனை உதித்தது. அதை யோசனை என்று இப்போது சொல்லக் கூசுகிறது. ஆனால் முகம் எழுதுகிறவளுக்கு வேறென்ன யோசனை வரும்? பொம்மைக்கு எதைச் செய்தேனோ அதையே தம்பிக்கும் செய்துவிட்டால் தீர்ந்தது. முகம் அதுதானே? இரண்டு விரற்கடைத் தாடையும் கொஞ்சம் பார்வையும்தானே குறை?

பீரோக் கண்ணாடி முன்னால் அவனை நிறுத்தினேன்.

"சிரிக்காத."

"சிரிக்கலையே."

"பல்லு தெரியுது."

"வாய் அப்படித்தான்க்கா, பொறந்ததுலேருந்து."

"மூடு. தாடையத் தூக்கு. இன்னும். போதும் போதும், ஒட்டடை எண்ணவா போற? இப்ப எதிர்ல இருக்கறவங்க தலைக்கு மேல பாரு."

"அங்க என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. இருக்கற மாதிரி பாரு."

இப்படி ஒரு வாரம் பழக்கினேன். அவன் டீ குடிக்கும்போதும் பழக்கினேன், செருப்பு மாட்டும்போதும் பழக்கினேன். வேலைக்குப் போன இடத்தில் ஒருவர், "கழுத்து பிடிச்சுக்கிச்சா தம்பி?" என்று தைலம் கொடுத்து அனுப்பினாராம். நான் அசரவில்லை. குண்டூசியின் அம்மாவிடம் கெஞ்சி, இன்னொரு தடவை பேசுவதற்கு அவர் வீட்டுக்கே போக அனுமதி வாங்கினேன்.

கதவைத் திறந்தவர், "வாங்க வாங்க" என்றார். தம்பி அவர் தலைக்கு மேலே பார்த்தான். அவர் திரும்பித் தன் பின்னால் சுவரைப் பார்த்தார்.

"என்னப்பா, பல்லியா?" என்றார்.

"இல்லீங்க," என்றான் கம்பீரமாக, சுவரைப் பார்த்தே.

சோபாவில் உட்காரச் சொன்னார். தாடையைத் தூக்கியவனுக்குக் கீழே இருப்பது எப்படித் தெரியும்? சோபாவில் குண்டூசி தன் ஊசி மெத்தையை வைத்திருந்தாள். கைக்கடக்கமான சின்ன மெத்தை, நிறைய ஊசிகள், அன்றைக்கென்று எல்லாம் முனை மேலே தெரிய நீட்டிக்கொண்டிருந்தன. தம்பி அதன் மேல் முழு எடையோடு உட்கார்ந்தான். வேறு யாராக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பார்கள். நான் பழக்கிய பிள்ளை, முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தாரையாகத் தண்ணீர் வழிந்தது.

"என்னப்பா, அழறீங்களா?"

"இல்லீங்க. சும்மா."

அவ்வளவு நேரமும் அவன் சிரிக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். எனக்கோ உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. அச்சு அசல் டைரக்டர்! குண்டூசி மட்டும் சமையலறை வாசலில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை போனில் தீர்ப்பு வந்தது.

"நான் அன்னைக்கு சுமார்னு சொன்னேனில்ல, அது தப்பும்மா," என்றார் குண்டூசியின் அம்மா. எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. "முகம் கூடப் பரவாயில்லேன்னு விட்டுடலாம். என்ன திமிரும்மா அது! வீட்டுக்கு வந்தவர் முகம் கொடுத்துப் பேசமாட்டேங்கறாரு. இவரு என்ன பெரிய டைரக்டரா?"

போனை வைத்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே தாடை, அதே உதடு, அதே பார்வை. கோட்டுப் போட்ட ஃபைபர் செய்தால் கம்பீரம், லிஃப்ட் பார்க்கிறவன் செய்தால் திமிர். சிரித்தால் சுமார், சிரிக்காவிட்டால் கொழுப்பு. பின்னே இவன் முகத்தை எங்கேதான் கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

யோசித்துப் பார்த்தால் எங்கேயும் இதே கூத்துதான். எங்கள் பட்டறையில் அழகன் யார் என்று பேக்கிங் பெண்களைக் கேளுங்கள், அச்செடுக்கிற அண்ணன் என்பார்கள். அண்ணனுக்குத் தொப்பை அவருக்கு முன்னால் நடக்கும், தலை பளபளவென்று இருக்கும். ஆனால் அவர் சொன்னால்தான் லீவு கிடைக்கும். தம்பியின் கம்பெனியில் அழகன், உதிரிபாக அறையின் சாவி வைத்திருப்பவர். பெரிய கடை மேலாளருக்கு முன்பற்கள் இரண்டும் உதட்டை மீறி வெளியே வந்து எட்டிப்பார்க்கும். "அது ஒரு தனி அழகு" என்று மாடியே சொல்கிறது. அதே பல் வாசல் காவலாளிக்கும் உண்டு, அவரை முயல் என்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் கால் தானாக நடக்கும். தம்பியையும் இழுத்துக்கொண்டு நேராகப் பெரிய கடைக்கே போனேன். அவன் வேலை உடுப்பில் இருந்தான், முழங்கையில் கிரீஸ். முகப்பில் நின்ற டைரக்டருக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினேன்.

"அம்மா, கொஞ்சம் வாங்க. இந்தப் பொம்மைக்கு முகம் எழுதினது நான். அச்சு எடுத்தது இவன் முகத்துல. நல்லாப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

குண்டூசியின் அம்மா பார்த்தார். தம்பியைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், மறுபடி தம்பியைப் பார்த்தார். பிறகு மனம்விட்டுச் சிரித்தார். கேலியாகக் கூட இல்லை, என் மேல் பரிதாபப்பட்டுச் சிரித்தார்.

"உனக்குத் தம்பி மேல பாசம், நான் இல்லேங்கலம்மா. மூக்கு வேணா கொஞ்சம் ஒத்துப்போகுது. ஆனா அவரு எங்க, இவன் எங்க? அவருக்கு அந்த நெத்தியப் பாரு, அந்தக் களையப் பாரு."

பொம்மைக்கு 'அவர்'. என் தம்பிக்கு 'இவன்'. அக்கம்பக்கத்திலிருந்த விற்பனைப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, "தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கு" என்றாள். இன்னொருத்தி, "டைரக்டர் நல்ல கலர்" என்றாள். கலர் நான் அடித்தது, தாயே! காதைப் பிடித்துத் திருகலாம்போல இருந்தது.

அப்போது கிடங்கில் சரக்கு இறக்குகிற பெரியவர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா பிரச்சனை?" என்றார். சொன்னேன்.

"இதுல என்ன சந்தேகம்? வண்டியிலேருந்து இறக்கும்போதே எங்களுக்குத் தெரியுமே. கீழ நாங்க இதுக்கு டைரக்டர்னா சொல்றோம்? மெக்கானிக்னுதான் சொல்றோம். 'மெக்கானிக்கத் தூக்கு, மெக்கானிக்க நகத்து'ன்னு. எங்ககிட்ட வரும்போது அது மேல துணி இல்லையே!"

ஒரே பொம்மைக்கு மாடியில் ஒரு பேர், கிடங்கில் ஒரு பேர். குண்டூசியின் அம்மா முகம் சுளித்துக்கொண்டு, "அவங்களுக்கு என்ன தெரியும்" என்று போய்விட்டார்.

வெளியே வந்ததும் தம்பி முழங்கைக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டே நடந்தான். பிறகு, "பொம்மைகிட்டயே தோத்துட்டேன்லக்கா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. இவன் மூஞ்சியைப் பார்த்தால் டீதான் சொல்வார்கள் என்றவள் நான்தானே. நாளைக்கு இன்னொரு வழி பார்க்கலாம் என்று சொன்னேனே தவிர, என்னிடம் வழி எதுவும் இல்லை.

ஆனால் கிடங்குப் பெரியவர் சொன்னது மட்டும் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. துணி இல்லாமல் பார்த்தவர்களுக்குத் தெரிகிறது. துணியோடு பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அப்படியானால் நான் கோட்டோடு அல்லவா மல்லுக்கு நின்றிருக்கிறேன்!

மாதக் கடைசி நெருங்கியபோது பெரிய கடையிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடி துடைக்கிறவரின் ஏணி இடித்து டைரக்டருக்கு மூக்கு நுனி பெயர்ந்துவிட்டது, வந்து சரி செய்து கொடுங்கள் என்றார்கள். சாயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். அங்கே தம்பியும் இருந்தான். சரக்கு லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழியில் இறங்கி எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அவனை நான் கண்டுகொள்ளவில்லை. கிடங்குப் பெரியவரும் நானுமாக டைரக்டரின் கையைக் கழற்றிக் கோட்டை உருவினோம், சட்டையை உருவினோம், காற்சட்டையை உருவினோம். முடியை எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு பஞ்சில் தின்னரை நனைத்து, நான் எழுதிய முகத்தை நானே அழித்தேன். மேலே பார்த்த கண் போயிற்று. நேர்கோட்டு உதடு போயிற்று. அடியிலிருந்து அச்சில் விழுந்த முகம் வெளியே வந்தது. கண் மூடிய முகம், சிரிப்பை அடக்குகிற உதட்டோரம்.

"மேல சொல்லியனுப்புங்க," என்றேன் பெரியவரிடம். "கோட்டு கையில மாட்டிக்கிச்சாம், இழுத்தா லைனிங் கிழிஞ்சுடுமாம், ஆண்கள் பிரிவு அம்மாவே வந்தாத்தான் ஆகுமாம்னு."

கோட்டு என்றதும் குண்டூசியின் அம்மா பறந்துவந்தார். பின்னாலேயே குண்டூசி, வாயில் ஊசிகளோடு. படியில் இறங்கும்போதே, "யாருய்யா அது, கை வெக்காதீங்க, அது விலை என்ன தெரியுமா?" என்ற குரல். இறங்கி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, பத்திரமாக மடித்து வைத்திருந்த கோட்டையும் பார்க்கவில்லை. கிடங்கின் நடுவில், விளக்குக்கு நேர் கீழே, பிறந்த மேனியாக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார்.

அவர் பார்க்காத பொம்மையா? வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தினமும் பொம்மைகளுக்குக் கழற்றி மாட்டியவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் கண் நேராக முகத்துக்குப் போயிற்று. ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஐயையோ! மாப்பிள்ளைய இப்படியா நிறுத்தி வெப்பீங்க? அறிவில்ல? ஒரு துணியப் போத்துங்கய்யா!"

கிடங்கில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, உண்மையிலேயே கேட்டது. குண்டூசியின் வாயிலிருந்து அத்தனையும் விழுந்தன.

"யாரும்மா?" என்றாள் அவள். "யாருன்னு சொன்ன?"

அவள் அம்மா விரல் இடுக்கு வழியாக என்னை முறைத்தார். சொன்ன சொல்லைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா என்று யோசிப்பது தெரிந்தது. அதற்குள் லிஃப்ட் குழியிலிருந்து ஒரு தலை எழுந்தது. நெற்றியில் கிரீஸ், கன்னத்தில் கிரீஸ், நான் ஒரு வாரம் பாடுபட்டு மூடவைத்த பல்லெல்லாம் வெளியே.

"கூப்பிட்டீங்களா அத்தே?" என்றான் என் தம்பி.

முதலில் சிரித்தது கிடங்குப் பெரியவர்தான். பிறகு குண்டூசி. குண்டூசியின் அம்மா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "மொதல்ல அந்தக் கிரீஸத் துடைங்க மாப்பிள்ளை" என்று தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அன்றைக்கே கேஷியரிடம் சொல்லிவிட்டார், அவர் அக்கா பையன் சிரமப்பட்டு வரவேண்டாம் என்று.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து வேறொரு வேலையாகப் பெரிய கடைக்குப் போயிருந்தேன். டைரக்டர் புது மூக்கோடு, புதுச் சாயத்தோடு, சாம்பல் நிறக் கோட்டில் முகப்பில் நின்றுகொண்டிருந்தார். நான் உயிரைக் கொடுத்து எழுதிய முகம், முன்னைவிட நன்றாகவே வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பெண் ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அழகுங்க இது!" என்றாள்.

குண்டூசியின் அம்மா அதன் தோளிலிருந்த தூசியை அலட்சியமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"எங்க மாப்பிள்ளை முகத்துல அச்செடுத்துச் செஞ்சதுதான்," என்றார். "ஆனா என்ன இருந்தாலும் அவர் களை இதுக்கு வரலம்மா. எழுதினவங்களுக்கு அவ்வளவு கை வராது போல."

எழுதினவள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.